உங்களுக்குத் தெரியுமா? ஒரகடம் பில் முதல் பிளாக்செயின் பாலம் வரை

● ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளுக்கு நட்டும் வாஷரும் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை முதலாளிக்கு, சரக்கு இறக்கிய அன்றே காசு கைக்கு வராது. பில் போட்டுவிட்டு இரண்டு மூன்று மாதம் காத்திருப்பது இந்தத் தொழிலில் சகஜம். அதுவரை ஆட்களுக்குச் சம்பளம், கரன்ட் பில், இரும்புக்கு முன்பணம் எல்லாம் எங்கிருந்து வரும்? வரவேண்டிய அந்த பில்லையே வங்கியிடம் கொடுத்து, கொஞ்சம் கழிவு விட்டு, மீதியை இப்போதே வாங்கிக்கொள்ளலாம். இதை இணையத்தில் ஏலம்போல நடத்த ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் விதிமுறை வெளியிட்டது. டிரெட்ஸ் என்று பெயர். 2017-இல் ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் என மூன்று தளங்கள் அடுத்தடுத்துத் திறந்தன.

● மூன்று தளம் என்றால் மூன்று தனித்தனி ஏடு. ஒருவர் ஏட்டில் என்ன இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரியாது. அப்படியானால் ஒரே பில்லை மூன்று இடத்திலும் காட்டி மூன்று முறை பணம் வாங்க முடியாதா? முடியும். தடுக்க வேண்டுமானால் ஒருவர் ஏட்டை இன்னொருவர் பார்க்க வேண்டும். போட்டியாளரிடம் யார் தன் வாடிக்கையாளர் பட்டியலைக் காட்டுவார்? 2018-இல் இதற்கு வழி கிடைத்தது. மூன்று தளங்களும் மோனெட்டாகோ என்ற அமெரிக்க நிறுவனம் அமைத்த பிளாக்செயினில், அதாவது எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு பொது ஏட்டில், சேர்ந்தன. பில் அவரவர் தளத்திலேயே இருக்கும். அதன் ‘ஹேஷ்’ மட்டும் பொது ஏட்டுக்குப் போகும். ஹேஷ் என்பது பில் விவரங்களைக் கணக்கில் போட்டு அரைத்து எடுக்கும் ஒரு கைரேகை. கைரேகையை வைத்து பில்லைத் திரும்ப வரைய முடியாது. ஆனால் அதே பில் இன்னொரு தளத்தில் நுழைந்தால், அதே கைரேகை வந்து மாட்டிக்கொள்ளும்.

● இதில் ஒரு நுணுக்கம். பில் எண்ணில் ஒரு கோடு, ஓர் இடைவெளி கூடினாலே கைரேகை முழுக்க வேறாகிவிடும். எனவே எந்தெந்த விவரத்தை எந்த வரிசையில், எந்த வடிவில் எழுதி அரைப்பது என்று எல்லோரும் முன்கூட்டியே ஒத்துப்போக வேண்டும். கணிதம் இதில் சுலபம். ஆட்களை ஒத்துப்போக வைப்பதுதான் கஷ்டம்.

● டிரெட்ஸ் பிளாக்செயின் பிட்காயின் மாதிரி யார் வேண்டுமானாலும் வந்து போகும் திறந்த வீடு அல்ல. அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே உள்ளே வரலாம். ஆனாலும் நம் விஷயத்துக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. ஒன்றையொன்று நம்பாத பல ஏடுகள். ஒரே சொத்து இரண்டு ஏட்டில் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கக் கூடாது. பிளாக்செயின்களுக்கிடையே சொத்து மாற்றுவது என்று உலகம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வதும் இதே கேள்விக்குத்தான்.

● ஒரகடம் பில்லுக்கே திரும்பினால், குறு, சிறு நிறுவனங்களின் பில்லுக்குச் சட்டப்படியான கெடுவுக்குள், அதாவது அதிகபட்சம் 45 நாளுக்குள், பணம் கொடுக்காத வாங்குநர் அந்தச் செலவைக் கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியும். 43பி(எச்) என்ற பிரிவாக இந்த விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்கள் டிரெட்ஸில் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதி 2024 நவம்பரில் வந்தது. முன்பு அந்த வரம்பு 500 கோடி.

● சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான், பிளாக்செயினுக்குப் புதியதல்ல. அதன் துணை நிறுவனம் 2017-இலேயே சீனாவில் டியன்ரோங் என்ற கடன் தளத்தோடு சேர்ந்து ‘செயின்ட் ஃபைனான்ஸ்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. ஃபாக்ஸ்கான் தரவேண்டிய தொகையையே ஒரு டோக்கனாக்கி, அதைத் துண்டு துண்டாக வெட்டி, சப்ளையருக்குச் சப்ளை செய்கிறவர், அவருக்கும் கீழே இருக்கிறவர் வரை கைமாற்றிவிடுவதுதான் யோசனை. வங்கி வாசலில் நிற்கத் தெரியாத கடைசிப் பட்டறைக்கும் பெரிய கம்பெனியின் பெயரைக் காட்டிக் கடன் கிடைக்கும் அல்லவா?

● பணம் நகராமலே பணம் அனுப்புவது தமிழருக்குப் புது வித்தை இல்லை. ரங்கூனில் நகரத்தார் கடையில் தொகையைக் கட்டி உண்டியல் வாங்கினால், ஊரில் இருக்கும் இன்னொரு கடையில் அதைக் காட்டிப் பணம் பெறலாம். கடலில் ஒரு நாணயமும் பயணிக்காது. இரண்டு கடைகளும் தங்கள் பேரேட்டில் பற்று வரவு எழுதிப் பிறகு நேர் செய்துகொள்ளும். அந்தச் சீட்டின் பலம் முழுக்கக் கடைக்காரர்களின் நாணயத்தில் இருந்தது. கடைக்காரரையே நம்பாமல் இதைச் செய்ய முடியுமா என்பதுதான் இப்போதைய கேள்வி.

● பிட்காயின் ஏட்டுக்கு எதீரியம் என்று இன்னொரு பிளாக்செயின் இருப்பதே தெரியாது. எதீரியத்துக்கும் பிட்காயினைப் பற்றித் தானாக ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு பிளாக்செயினும் தன் ஏட்டில் எழுதியதை மட்டுமே உண்மை என்று கொள்ளும். பக்கத்து ஏட்டில் நடந்ததை யாராவது வந்து சொல்ல வேண்டும். சொல்கிறவர் பொய் சொன்னால்? ஓர் ஏட்டுச் சொத்தை இன்னோர் ஏட்டுக்குக் கொண்டுபோகும் ‘பாலங்களின்’ கதை முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கும்.

● ‘பிட்காயினை எதீரியத்துக்கு அனுப்பினேன்’ என்று யாராவது சொன்னால் அது பேச்சுவழக்கு. உண்மையில் எதுவும் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையப் பக்கம் டூவீலரை ஸ்டாண்டில் விட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுகிற கதைதான். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்; கையில் இருப்பது டோக்கன். அந்த டோக்கனை வேறொருவரிடம் கொடுத்தால் வண்டி அவருக்கு. திரும்பக் கொடுத்தால் டோக்கனைக் கிழித்துவிட்டு வண்டியைத் தருவார்கள். பிளாக்செயின் மொழியில் இதற்கு ‘பூட்டி அச்சடித்தல்’ என்றும், திரும்பும்போது ‘எரித்து விடுவித்தல்’ என்றும் பெயர். ‘டபிள்யூபிடிசி’ என்ற டோக்கன் 2019 ஜனவரியில் இப்படித்தான் வந்தது. அசல் பிட்காயின் பிட்கோ என்ற நிறுவனத்தின் பாதுகாப்பில் பூட்டிக் கிடக்க, அதன் டோக்கன் எதீரியத்தில் சுற்றியது.

● ஆக, பாலம் என்று பெயர் வைத்திருந்தாலும் அது கஜானா. கோடிக்கணக்கான சொத்து ஒரே இடத்தில் பூட்டிக் கிடக்கும். திருடர்கள் அங்கே போகாமல் வேறு எங்கே போவார்கள்? 2022-இன் முதல் ஏழு மாதங்களில் 13 பாலக் கொள்ளைகளில் சுமார் 200 கோடி டாலர் போனதாகவும், அந்த ஆண்டு அதுவரை திருடுபோன கிரிப்டோவில் அது 69 சதவீதம் என்றும் செயினாலிசிஸ் என்ற ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது.

● அவற்றில் பெரியது ரோனின். ‘ஆக்ஸி இன்ஃபினிட்டி’ என்ற விளையாட்டுக்காக வியட்நாமின் ஸ்கை மேவிஸ் நிறுவனம் கட்டிய பாலம் அது. ஒன்பது காவலர்கள், ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் கஜானா திறக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்பதில் நான்கு சாவி ஸ்கை மேவிஸிடமே இருந்தது. ஐந்தாவது? 2021 நவம்பரில் கூட்டம் தாங்காமல், ஆக்ஸி சமூக அமைப்பு ‘எங்கள் சார்பில் நீங்களே கையெழுத்துப் போடுங்கள்’ என்று ஸ்கை மேவிஸுக்கு அனுமதி தந்தது. டிசம்பரில் அந்த ஏற்பாடு நின்றது. அனுமதியை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. 2022 மார்ச் 23 அன்று உள்ளே நுழைந்தவர்கள் நான்கோடு அந்த மறந்துபோன ஐந்தாவதையும் எடுத்து, 1,73,600 எதீரிய நாணயத்தையும் ‘யுஎஸ்டிசி’ என்ற டாலர் டோக்கனில் 2.55 கோடியையும் அள்ளிக்கொண்டு போனார்கள். மொத்தம் 60 கோடி டாலருக்கும் மேல். இன்னும் வேடிக்கை கேளுங்கள். ஆறு நாள் யாருக்கும் தெரியவில்லை. மார்ச் 29 அன்று ஒரு வாடிக்கையாளர் தன் 5,000 எதீரிய நாணயத்தை எடுக்க வந்தபோதுதான் கஜானா காலி என்று தெரிந்தது. வடகொரியாவின் லாசரஸ் கும்பல் வேலை என்று அமெரிக்காவின் எஃப்பிஐ ஏப்ரலில் அறிவித்தது.

● ஹார்மனி என்ற பிளாக்செயினின் பாலத்துக்கு ஐந்தில் இரண்டே கையெழுத்து போதுமாக இருந்தது. 2022 ஜூனில் சுமார் 10 கோடி டாலர் போனது. கூட்டுறவுச் சங்கக் காசோலைக்கே இரண்டு கையெழுத்து கேட்கிறார்கள்!

● ‘மல்டிசெயின்’ என்ற பாலம் மையமே இல்லாத அமைப்பு என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. 2023-இல் அதன் தலைமை நிர்வாகியைச் சீனப் போலீஸ் கொண்டுபோனது. பிறகுதான் முக்கியச் சாவிகளெல்லாம் அவர் ஒருவர் கட்டுப்பாட்டில் இருந்தது வெளியே தெரிந்தது. ஜூலையில் 12 கோடி டாலருக்கும் மேல் வெளியேற, பாலம் மூடப்பட்டது. விளம்பரத்தில் இருக்கும் ‘பரவலாக்கம்’ வேறு, சாவிக்கொத்தில் இருக்கும் பரவலாக்கம் வேறு.

● வார்ம்ஹோல் பாலத்துக்கு 19 காவலர்கள். 13 பேர் கையெழுத்து வேண்டும். ஒரு காவலரும் விலைபோகவில்லை, ஒரு சாவியும் திருடு போகவில்லை. கையெழுத்தைச் சரிபார்க்கும் நிரலில்தான் ஓட்டை. ‘சரிபார்த்தாயிற்று’ என்று சொல்லும் அதிகாரியின் இடத்தில் திருடன் தன் ஆளையே உட்காரவைத்தான். எதுவும் பூட்டாமலே 1,20,000 எதீரிய டோக்கன் அச்சாகிவிட்டது. 2022 பிப்ரவரி 2. சுமார் 32 கோடி டாலர். பாலத்தின் பின்னணியில் இருந்த ஜம்ப் கிரிப்டோ நிறுவனம் அடுத்த நாளே தன் பையிலிருந்து அதை நிரப்பியது. பை இல்லாத பாலங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

● நோமட் என்ற பாலத்தின் கதை இன்னும் விசித்திரம். ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் ‘நம்பத்தக்க சான்று’ என்ற இடத்தில் பூஜ்யம் போட்டுவிட்டார்கள். சான்றே இல்லாத கோரிக்கைக்கும் சான்று மதிப்பு பூஜ்யம்தான். இரண்டும் ஒத்துப்போக, எந்தக் கோரிக்கை வந்தாலும் ‘சரி’ என்று திறந்துகொண்டது கதவு. 2022 ஆகஸ்ட் 1 அன்று முதல் திருடன் செய்ததை அப்படியே நகலெடுத்து, முகவரியை மட்டும் தன்னுடையதாக மாற்றி நூற்றுக்கணக்கானோர் எடுத்துக்கொண்டார்கள். நிரல் தெரியாதவரும் கொள்ளையடிக்க முடிந்த கொள்ளை. 19 கோடி டாலர் கரைந்தது. சிலர் மனசாட்சிப்படி திருப்பித் தந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

● திருடிய காசைத் திருப்பித் தந்தவருக்கு வேலை கொடுக்க முன்வந்த பாலமும் உண்டு. பாலி நெட்வொர்க், 2021 ஆகஸ்ட், சுமார் 61 கோடி டாலர். தலைமைப் பாதுகாப்பு ஆலோசகர் பதவியாம்!

● நம் நாட்டுக்காரர்கள் கட்டிய பாலமும் தப்பித்தது மயிரிழையில்தான். ஜெயந்தி கனானி, சந்தீப் நெய்ல்வால், அனுராக் அர்ஜுன் ஆகியோர் 2017-இல் ‘மேட்டிக்’ என்று தொடங்கியதுதான் இன்றைய பாலிகன். அதன் பிளாஸ்மா பாலத்தில் 2021 அக்டோபரில் ஓர் ஆய்வாளர் ஓர் ஓட்டையைக் கண்டார். டோக்கனை எரித்ததற்கான ரசீதில் ஒரு சிறு பகுதியை மாற்றி மாற்றி, அதே ரசீதை 223 முறை வரை காட்டிப் பணம் எடுக்க முடியும்! அபாயத்தில் இருந்தது 85 கோடி டாலர். திருடாமல் தகவல் சொன்னவருக்கு 20 லட்சம் டாலர் பரிசு. மேலே சொன்ன டிரெட்ஸ் பில் நினைவிருக்கிறதா? ஓர் இடைவெளி மாறினால் பழைய பில் புது பில்லாகத் தெரியும் என்றோமே, அதே நோய்தான் இங்கே கோடி டாலர் அளவில்.

● ‘முழுசாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் நடக்கவே கூடாது’ என்பது சொத்து மாற்றத்தின் தங்க விதி. பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதை ஸ்ரீபெரும்புதூர் கண்ணால் பார்த்திருக்கிறது. நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, வரி வழக்கில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் சொத்துகளை வருமான வரித் துறை முடக்கி வைத்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் பூட்டுத் திறக்கவில்லை. 2014 ஏப்ரல் 25 அன்று விற்பனை முடிந்தது. நம் ஆலை மட்டும் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. கொஞ்ச நாள் மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த வேலை செய்துவிட்டு, நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலை இழந்தார்கள். பின்னாளில் சால்காம்ப் நிறுவனம் அந்த இடத்தை எடுத்து சார்ஜர் செய்யத் தொடங்கியது.

● காவலரும் வேண்டாம், கஜானாவும் வேண்டாம், பூட்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்கிற முறை ஒன்று இருக்கிறது. ‘அணுப் பரிமாற்றம்’ என்பார்கள். 2013-இல் டியர் நோலன் என்ற பெயரில் எழுதிய ஒருவர் முன்வைத்த யோசனை. உங்களிடம் பிட்காயின், என்னிடம் லைட்காயின் என்ற வேறொரு நாணயம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு ரகசியச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டு, அதன் ஹேஷை மட்டும் எனக்குக் காட்டுகிறீர்கள். ‘இந்த ஹேஷுக்குரிய ரகசியத்தைச் சொன்னால் எதிராளி எடுத்துக்கொள்ளலாம்; 48 மணி நேரத்தில் சொல்லாவிட்டால் எனக்கே திரும்பட்டும்’ என்று உங்கள் பிட்காயினைப் பூட்டுகிறீர்கள். அதே ஹேஷை வைத்து நான் என் லைட்காயினைப் பூட்டுகிறேன், ஆனால் 24 மணி நேரத்துக்கு. நீங்கள் லைட்காயினை எடுக்க வேண்டுமானால் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். சொன்ன நொடியில் அது பொது ஏட்டில் பதிவாகும். நான் அதைப் படித்து உங்கள் பிட்காயினை எடுத்துக்கொள்வேன். நீங்கள் சொல்லாவிட்டால் இருவர் சொத்தும் இருவருக்கே திரும்பும்.

● அது ஏன் 48, 24 என்று இரண்டு கெடு? இரண்டும் ஒன்றாக இருந்தால் நீங்கள் கடைசி நிமிடம் வரை காத்திருந்து ரகசியத்தைச் சொல்லி என் லைட்காயினை எடுத்துவிட்டு, நான் கண் விழிப்பதற்குள் கெடு முடிந்துவிட்டது என்று உங்கள் பிட்காயினையும் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள். ரகசியம் தெரியாதவருக்கு ஓடிப்பிடிக்க நேரம் வேண்டும். இந்த ஏற்பாட்டின் பாதுகாப்பு பாதி கணிதத்திலும், பாதி இந்தக் கடிகார வித்தியாசத்திலும் இருக்கிறது.

● 2017 செப்டம்பரில் லைட்காயினுக்கும் டிகிரெட் என்ற நாணயத்துக்கும் இடையே இந்த முறையில் பரிமாற்றம் நடந்தபோது பெரிய ஆரவாரம். ஆனால் சந்தையில் இது பரவவில்லை. இரு தரப்பும் விழித்திருக்க வேண்டும். ஈடு கொடுக்க எதிராளி ஒருவர் கிடைக்க வேண்டும். விலை பிடிக்காவிட்டால் ரகசியக்காரர் வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். மற்றவர் காசு மணிக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். பாதுகாப்பானது எல்லாம் வசதியானது இல்லை.

● காவலர் பாலம், அணுப் பரிமாற்றம் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி, காஸ்மாஸ் என்ற பிளாக்செயின் குழுமத்தின் ஐபிசி. 2021 முதல் ஓடுகிறது. இதில் ஒவ்வொரு பிளாக்செயினும் மற்றதன் சுருக்கப் பதிவைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்: யார் அங்கே கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர்கள், கடைசிப் பக்கத்தின் தலைப்பு என்ன என்பது மட்டும். செய்தியைத் தூக்கிவருகிற ‘ரிலேயர்’ வெறும் தபால்காரர். கடிதத்தைத் திருத்தினால் கையெழுத்து பொருந்தாது. கொண்டுவராமல் விட்டால் கெடு முடிந்து பணம் அனுப்பியவருக்கே திரும்பும். ஒவ்வொரு கடிதத்துக்கும் வரிசை எண் உண்டு. ஒரே கடிதம் இரண்டு முறை செல்லாது. தபால்காரரை நம்ப வேண்டாம் என்பதே இதன் அழகு. நம்ப வேண்டியது அந்தந்தப் பிளாக்செயினை மட்டும். இருக்கும் முறைகளில் என் ஓட்டு இதற்குத்தான்.

● எரிச்சலூட்டும் தாமதம் பல சமயம் பாதுகாப்பின் விலை. பிட்காயினில் ஒரு பதிவை உறுதியாக்கும் ஆறு கட்டம் (பிளாக்) சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம். எதீரியத்தில் ஒரு பதிவு இனி மாறாது என்று உறுதியாகச் சுமார் 13 நிமிடம். எதீரியத்தின் மேல் ஓடும் ‘ஆப்டிமிஸ்டிக் ரோலப்’ வகைத் துணை ஏடுகளிலிருந்து பணத்தை வெளியே எடுக்க 7 நாள். யாராவது ‘இது பொய்’ என்று முறையிட விடும் அவகாசம் அது. உடனே வேண்டும் என்பவருக்கு நடுவில் ஒருவர் தன் காசை முன்கூட்டித் தந்துவிட்டு ஏழு நாள் காத்திருப்பார், கமிஷனோடு. டிரெட்ஸில் பில் விற்கிற கதைதான்.

● எதீரியத்தை உருவாக்கிய விட்டாலிக் புட்டரின் 2022 ஜனவரியில் ஒரு எச்சரிக்கை தந்தார்: பல பிளாக்செயின்கள் இருக்கும் எதிர்காலத்தை நம்புகிறேன், அவற்றுக்கிடையே சொத்துகள் தாவித் திரியும் எதிர்காலத்தை நம்பவில்லை. காரணம், ஒரு பிளாக்செயினையே பெரும்பான்மை பலத்தால் கைப்பற்றி ஏட்டைத் திருத்திவிட்டால், அங்கே பூட்டியது மறைந்துபோகும். வெளியே சுற்றும் டோக்கன் வெறும் காகிதமாகும். பாலம் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை, கரை இடிந்தால். சொல்லி ஒரு மாதத்துக்குள் வார்ம்ஹோல், இரண்டரை மாதத்தில் ரோனின். அவர் சொன்ன காரணத்தால் அல்ல, அதைவிடச் சின்னக் காரணங்களால்!

● பூட்டுவதற்குப் பதில் எரித்தே விட்டால்? யுஎஸ்டிசி டாலர் டோக்கனை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் 2023 ஏப்ரலில் இதைத் தொடங்கியது. ஒரு பக்கம் டோக்கனை எரித்து, மறுபக்கம் புதிதாக அச்சடிக்கும். கஜானா இல்லை, கொள்ளையும் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் அச்சடிக்கும் உரிமை ஒரே நிறுவனத்துக்கு இருந்தால்தான் இது நடக்கும். பரவலாக்கம் என்று இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

● இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் செய்த கார்கள் கப்பலேறும்போது, சரக்குக்கு உரிமை கொண்டாட ஓர் ஆவணம் உண்டு: ‘பில் ஆஃப் லேடிங்’. சரக்கு நடுக்கடலில் இருக்கும்போதே இந்தக் காகிதம் கைமாறினால் உரிமையும் கைமாறும். இதற்கான இந்தியச் சட்டம் 1856-இல் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து அந்தச் சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் 2025-இல்தான் வந்தது.

● கப்பல் சரக்கு ஒரு பிளாக்செயினில், வங்கிக் கடன் இன்னொரு பிளாக்செயினில் இருந்தால்? ஐபிஎம் ஆய்வாளர்கள் 2019-இல் இதைச் செய்து பார்த்தார்கள். மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய ‘டிரேட்லென்ஸ்’ ஏட்டில் இருக்கும் பில் ஆஃப் லேடிங்கை, ஐரோப்பிய வங்கிகளின் ‘வீ.டிரேட்’ ஏடு சான்றோடு பெற்றுக்கொள்ளும் வழியைக் காட்டினார்கள். நடுவர் யாரும் இல்லை. அந்த ஏட்டில் கையெழுத்திடுபவர்களின் சான்றை இந்த ஏடு நேரே சோதிக்கும். ‘வீவர்’ என்ற அந்த வேலையில் பெங்களூரு ஆய்வகத்தினருக்குப் பெரும் பங்கு. 2022-இல் வீ.டிரேட் மூடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் டிரேட்லென்ஸும் மூடுவதாக அறிவித்தது. வீவர் மட்டும் ‘ஹைப்பர்லெட்ஜர் காக்டை’ என்ற பொதுத் திட்டத்தில் கலந்து பிழைத்துக்கொண்டது. இரண்டு கரையும் போய், பாலம் மட்டும் மிஞ்சிய அதிசயம்!

● தமிழக அரசு 2020-இல் பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது. மாநிலத்தின் பிளாக்செயின் கட்டமைப்புக்கு ‘நம்பிக்கை இணையம்’ என்று பெயர். சான்றிதழ்களை வைத்துக்கொள்ளும் செயலிக்கு ‘இ-பெட்டகம்’. பெயர் வைப்பதில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை.

● பல பிளாக்செயின்களின் பலத்தைச் சேர்த்து ஒன்றைவிட நம்பகமானதாக ஆக்க முடியுமா என்று ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஸ்ரீராம் கண்ணன். கிண்டி பொறியியல் கல்லூரி மாணவர், பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர், ‘ஐகன்லேயர்’ நிறுவனர்.

● சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் தந்த ஒரு தீர்ப்பு நம் விஷயத்தின் நடுமையத்தைத் தொடுகிறது. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்ற இந்தியக் கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடு போனது. எல்லோர் கணக்கும் முடங்கியது. நட்டத்தை எல்லா வாடிக்கையாளர்களும் பங்கிட்டுச் சுமக்க வேண்டும் என்றது நிறுவனம். ஒரு முதலீட்டாளர் நீதிமன்றம் போனார். அவர் வைத்திருந்தது எக்ஸ்ஆர்பி என்ற நாணயம். திருடு போனதோ எதீரியப் பிளாக்செயினின் ஈஆர்சி-20 வகை டோக்கன்கள். வேறு பிளாக்செயின், வேறு சொத்து. பக்கத்து வீட்டில் களவு போனதற்கு என் பீரோவை ஏன் பூட்டுகிறீர்கள் என்பதே அவர் கேள்வியின் சாரம். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். கிரிப்டோ நாணயம் ‘சொத்து’; அதை ஒருவர் உடைமையாக வைத்திருக்கலாம், மற்றவருக்காக நம்பிக்கைப் பொறுப்பிலும் வைத்திருக்கலாம் என்று சொன்னார். பணம் போனது சென்னை வங்கிக் கணக்கிலிருந்து என்பதால், வழக்கை இங்கே விசாரிக்க அதிகாரம் உண்டு என்றும் முடிவானது. தாய் நிறுவனம் சிங்கப்பூரில் இருந்தாலும் சரி.

● சொத்து என்றால் வரி இல்லாமலா? கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீதம். அதே ஆண்டு ஜூலை 1 முதல் வரம்புக்கு மேற்பட்ட மாற்றங்களுக்கு 1 சதவீத டிடிஎஸ். ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.

● ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ‘உங்கள் டோக்கனை இந்தப் பாலத்தில் மாற்றினால் இரட்டிப்பு’ என்று லிங்க் வந்தால், திறக்காதீர்கள். பாலம் ஒருபோதும் இரட்டிப்பாக்காது. பூட்டியதற்கு ஈடாக ஒன்றுதான் தரும், கட்டணமும் பிடிக்கும். வாலட்டின் 12 அல்லது 24 சொற்களைக் கேட்கும் பாலம் எதுவும் பாலம் அல்ல. ‘அனுமதி’ என்று வரும் பெட்டியில், எவ்வளவு தொகைக்கு என்பதைப் படிக்காமல் விரல் வைக்காதீர்கள். வரம்பில்லாத அனுமதி தந்திருந்தால் இன்றைக்கே ரத்து செய்யுங்கள், ரோனின்காரர்கள் செய்யத் தவறியது அதைத்தான். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு நாளைக் கடத்த வேண்டாம். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள்.